தொலைபேசியில் கை காட்டிய மகள்

நாலு வயதுக் குழந்தை பேசுவதைப் புரிந்துகொள்ள பி.ஏ. படிப்பு போதும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். (சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.)

அறுபதுகளின் நடுவில், திருப்பூரிலிருந்து பனியன் சரக்கோடு பம்பாய் போயிருந்தேன். ஊரில் மனைவி சரசுவுக்கு எட்டாம் மாதம். மனசு கேட்காமல், எங்கள் வீட்டையொட்டிய கம்பெனி ஆபீசுக்கு டிரங்க் கால், அதாவது வெளியூர் போன், போட்டேன். அரை நாள் காத்திருந்து கிடைத்தது மூன்று நிமிடம்.

"அம்மா ஊட்டுல இல்லீங்க. பாப்பாதான் வாசல்ல வெளையாடிட்டு இருந்துச்சு, பேசுங்க" என்று கிளார்க் போனை என் மகள் செல்வியிடம் கொடுத்தார்.

"கண்ணு, நல்லா இருக்கறயா?"

மூச்சு மட்டும் கேட்டது.

"சாப்பிட்டயா?"

மறுபடியும் மூச்சு. நிமிடங்கள் கரைந்தன.

"அம்மா எங்க கண்ணு?"

"சாமிகிட்டப் போயிட்டாங்க."

"எங்க?"

"அதா, அங்க!"

லைன் போய்விட்டது. அவள் பிஞ்சு விரல் வானத்தைக் காட்டுவது என் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

தந்தி அடித்துக் கேட்கலாம் என்று தோன்றியபோது நான் ரயிலில் இருந்தேன். இரண்டு பகல், இரண்டு இரவு. ஜன்னலில் ஊர்கள் வந்து கரைந்தன. மேகமெல்லாம் சரசுவின் முகம். நொய்யல் கரையில் வெளுத்துக் காயப்போட்டிருந்த துணிகூட அவள் விரித்துவிட்டுப் போன புடவையாகத் தெரிந்தது.

வீட்டுக் கதவில் பூட்டு. அவ்வளவுதான், வாசலிலேயே விழுந்தேன்.

"சரசு! உன்னாட்ட ரசம் வெக்க இந்த ஊர்லயே ஆளில்லயே! ஒரு நாளாச்சும் நல்லா இருக்குதுன்னு சொல்லாம இருந்துட்டனே!"

தெருவே கூடிவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

சரசு! கையில் பாதி கடித்த மாங்காய்.

"நீ... எப்ப வந்தே?"

"ரசத்துக்கு முன்னாடியே வந்துட்டனுங்க. நடுவுல நிறுத்த மனசு வரலீங்க."

நான் ஊரில் இல்லாதபோது எதிர் வீட்டுக்கு ஒரு பெரியவர் குடிவந்திருக்கிறார். தெருவுக்கே அவர் 'சாமி'. கொல்லையில் மாமரம். சரசுவுக்குப் புளிப்பு ஆசை. விஷயம் இவ்வளவுதான்.

செல்விக்குத்தான் தாங்கவில்லை. "சாமி ஊட்டக் கையக் காட்டினனேப்பா! நீங்க பாக்கலீங்களா? சாப்பிட்டயான்னு கேட்டீங்க, தலையாட்டினனே! அதையும் பாக்கலீங்களா?"

அவள் கண்ணில் படுவது பம்பாயில் என் கண்ணிலும் படும் என்று நம்பியிருக்கிறாள். நாலு வயது, மன்னிக்கலாம். என் மனதிலிருந்த சாமிதான் அவள் வாயிலும் வந்தார் என்று நம்பிய பட்டதாரியை என்ன செய்வது? அந்தப் பயம் இன்னும் போகவில்லை. செல்விக்கு இப்போது பதினைந்து வயது. ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால், "வாயத் தொறந்து சொல்லு கண்ணு" என்று கெஞ்சுகிறேன்.

ரசத்தில் உப்பு குறைவு என்று மட்டும் இந்த வீட்டில் நான் சொல்லவே முடியாது. சரசு கரண்டியோடு வந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்:

"நான் செத்திருந்தப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு!"