நான் ரிஜெக்ட் செய்த பீர்

செய்யும் தொழிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற இடமெல்லாம் எடுத்துப் போகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தமிழ் வாத்தியார் ஒருவர், கல்யாணப் பத்திரிகையில் பிழை திருத்தி, அதைப் பெண் வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அவரைவிட மோசம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் குவாலிட்டி செக்கர். பளபளவென்று வரும் ஷூவைத் திருப்பிப் பார்த்து, மோந்து, தையலை நகத்தால் நெருடி, "ரிஜெக்ட்" என்று தூக்கிப் போடுவது என் வேலை. (அந்தச் சுகம் தனி.)

சில வருஷங்களுக்கு முன்பு மத்தியாஸ் என்ற ஜெர்மன்காரர் எங்கள் சாம்பிள்களைப் பார்க்க வந்தார். அவர் ஆர்டர் கொடுத்தால்தான் மூடிக்கிடந்த எங்கள் இரண்டாவது யூனிட்டைத் திறக்க முடியும். சனிக்கிழமை அவர் பெங்களூரு திரும்பும்போது, அங்கே சொந்தமாக பீர் காய்ச்சும் சின்னக் கடை ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்குக் கம்பெனி சார்பில் ஒருவரைக் கூப்பிட்டார். எங்கள் முதலாளி ரஹ்மான் பாய் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். என்னைக் கூப்பிட்டார்.

"நீ பீரெல்லாம் சாப்பிடுவியா?"

"அதெல்லாம் அத்துப்படி பாய்." (ஒரு தோஸ்த் கல்யாணத்தில் அரை பாட்டில் குடித்துவிட்டு மாப்பிள்ளை காரிலேயே தூங்கியதுதான் என் மொத்த அனுபவம்.)

"கூடவே இரு. ஜாஸ்தி பேசாத. திங்கக்கெழம ஆர்டர் சொல்றேன்னிருக்காரு, பேஜார் பண்ணிடாத."

கடையில் மத்தியாஸ் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி ஆர்டர் செய்தார். புரிந்த மாதிரி தலையாட்டினேன். செம்பழுப்பு நிறத்தில் இரண்டு கிளாஸ் வந்தது. அதற்குள் அவருக்குப் போன் வர, என்னை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஒரு வாய் குடித்தேன். கருவாட்டை அடுப்பில் வைத்து மறந்துவிட்டு, அந்தச் சட்டியைக் கழுவிய தண்ணீரைச் சில்லென்று ஊற்றிக் கொடுத்தது போல இருந்தது. அவருடைய கிளாஸை மோந்து பார்த்தேன். அதிலும் அதே புகை. எனக்குள் இருந்த குவாலிட்டி செக்கர் எழுந்து நின்றுவிட்டான். என் கெட்ட நேரம், சர்வருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"இன்னாப்பா இது, தீஞ்சு போயிருக்கு? ஃபாரின் கெஸ்டுக்கு இதத்தான் குடுப்பீங்களா?"

"சார், அது அப்படித்தான்..."

"என்கிட்டயே கத விடாத. ரெண்டையும் கொட்டிட்டு நல்லதா கொண்டா."

என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு எடுத்துப் போனான். மத்தியாஸ் திரும்பி வந்து, பீர் எங்கே என்று கேட்டார்.

"ரிஜெக்ட்!" என்றேன், கட்டைவிரலைக் கீழே கவிழ்த்து.

விமான நிலையத்தில் எல்லோர் பெட்டியும் வந்து தன் பெட்டி மட்டும் வராதவர் போல அவர் முகம் ஆயிற்று. அடுத்த நிமிஷம் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வேகமாக வந்தாள். அங்கே பீர் காய்ச்சுகிறவளே அவள்தான். பெயர் நித்யா.

"அண்ணா, அது தீயல. விறகு எரிச்சு, அந்தப் பொகையில பார்லிய காயவெச்சுப் பண்றது. இவங்க ஊரு பீரு. ஆறு மாசமா இவருகிட்ட போன்ல கேட்டுக் கேட்டுப் பண்ணேன். இன்னிக்குத்தான் மொத கிளாஸ் ஊத்துனது." என்னை உற்றுப் பார்த்தாள். "பேச்சக் கேட்டா நம்மூரு மாதிரி இருக்கே?"

"ஆம்பூர்மா."

"நான் கணியம்பாடி. நம்மூர்க்காரரே இப்படிக் கவுத்துட்டீங்களேண்ணா!"

மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று இருந்தது. நல்லவேளை, டேங்கில் இன்னும் இருந்தது. புதிதாக ஊற்றிவந்த கிளாஸை மத்தியாஸ் கண்ணை மூடிக் குடித்தார். "எங்கள் ஊர் நினைவு வருகிறது" என்று அவர் சொன்னதும் நித்யா சின்னதாக ஒரு குதி குதித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் குடிங்கண்ணா. மொத கிளாஸ் யாருக்கும் புடிக்காது. மூணாவதுலதான் புரியும்."

பாவ மன்னிப்பு போலக் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது கிளாஸில் அது தேவாமிர்தமாக மாறியது. கூடவே நானும் அரிச்சந்திரனாக மாறினேன். எனக்கு பீர் பற்றி ஒன்றும் தெரியாது என்று மத்தியாஸிடம் ஒப்புக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "பிரவுன் கலர் சாம்பிளில் சோல் சரியாக ஒட்டவில்லை, நான் ரிஜெக்ட் செய்தும் உங்களிடம் காட்டிவிட்டார்கள்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டாவது யூனிட்டின் பூட்டில் துரு ஏறும் சத்தம் எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை பாய் கூப்பிட்டார்.

"பிரவுன் சாம்பிளோட சோல மாத்தி அனுப்பச் சொல்றாரு. மாத்துனா ஆர்டர் நமக்குத்தானாம். இங்க பொய்யே பேசாத ஆளு ஒருத்தன் இருக்கானாம், அவன நம்பித் தர்றாராம். யாருய்யா அது?"

"தெரியலையே பாய்" என்றேன்.

யூனிட் திறந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் பாய் சிரித்தார், மறந்தும் போனார். என் மனைவி செல்விதான் மறக்கவில்லை. சாம்பார் அடிப்பிடித்த நாளில் நான் தட்டைப் பார்த்து மூக்கைச் சுருக்கினால் போதும், "மூணு கரண்டி ஊத்திச் சாப்பிட்டுட்டு அப்புறம் பேசுங்க, மூணாவதுலதான் புரியும்" என்பாள். மச்சான், மாமனார் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

சாம்பாரைப் பொறுத்தவரை மூன்றாவது கரண்டியிலும் எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. ஆனால் வீட்டில் எதையும் ரிஜெக்ட் செய்யும் அதிகாரம் எனக்கு அன்றோடு போயிற்று.