தர்மராஜ் மாமாவுக்கு, உறுமி விஷயமாக

பாசத்துக்குரிய மாமாவுக்கு,

தங்கள் அக்கா புனிதாவின் மகள் லோகேஸ்வரி எழுதிக்கொள்வது. முதலில், எழுதுவதற்கே மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் "ஹலோ" என்றதும் அந்தப் போலீஸ் குரலைக் கேட்டு வைத்துவிட்டேன். அந்த ராங் நம்பர் நான்தான். கோலா கிளாவாங்கில் அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் பக்கம் குற்றம் குறைவு என்று அம்மா பெருமையாகச் சொல்வார். அப்படியென்றால் எங்கள் குறையைக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

விஷயம் இதுதான். தம்பி வசந்தனின் உறுமி மேளத்தைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் திருவிழா. அப்பா இந்த வருஷம் காவடி எடுக்கிறார். "எம் மவன் அடிச்சாத்தான் நான் கால எடுத்து வைப்பேன்" என்று சொல்லிவிட்டு விரதம் இருக்கிறார். வசந்தன் என்னோடு பேசுவதில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த நாங்கள் எல்லாரும் இருக்கும் இந்தத் தாமான் குடியிருப்பில் கொஞ்ச நாளாகத் திருட்டு, மாமா. முதலில் தெருவிளக்குக் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள், பிறகு அந்த இருட்டில் அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனார்கள், அப்பா பக்கத்து வீட்டு ஹேமநாதன் அண்ணனின் மோட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு புகார் கொடுக்கப் போனார், வழியில் போலீஸ் ரோட்பிளாக், அண்ணனின் மோட்டாருக்குப் பக்கக் கண்ணாடி இல்லை, அபராதச் சம்மன் எழுதிவிட்டார்கள். "சார், எம் மோட்டாரு களவு போச்சு சார்" என்று அப்பா சொல்ல, "அதுலயாவது கண்ணாடி இருந்திச்சா?" என்று கேட்டாராம் அந்தத் தமிழ்ப் போலீஸ்காரர். செனாவாங் தொழிற்சாலை பஸ் இறக்கிவிடும் முச்சந்தியிலிருந்து அம்மாவை அப்பா களவு போன அந்த மோட்டாரில்தான் ஏற்றி வருவார். இப்போது அம்மா தாலிக்கொடியை ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டு, குடையை ஓங்கிப் பிடித்தபடி இருட்டில் ஓடி வருகிறார். எதிர்வீட்டுப் பஞ்சாலை அக்கா வீட்டில் ரைஸ் குக்கரைச் சோற்றோடு தூக்கிப் போனார்கள். போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டதற்கு, அனுப்ப வண்டி இல்லை என்று பதில் வந்தது.

ஆனால் வசந்தனும் பையன்களும் மாலையில் கோயில் பின்புறம் உறுமி பழகத் தொடங்கினால் மட்டும், அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் மாடி வீட்டுக்காரர்கள் ஒரு போன் போடுவார்கள், முதல் பாட்டு முடிவதற்குள் ரோந்துக் கார் வந்து நிற்கும். இதைப் பஞ்சாலை அக்காதான் கவனித்தார்.

"அடியே லோகு, திருடன் வந்தா போலீஸ் பாலாய்க்கு போன் போட்டு என்னாத்துக்கு லா? உறுமிய அடிக்கச் சொல்லு. பறந்து வருவானுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் யோசித்தேன். "செஞ்சி பாக்கலாமே" என்று வசந்தனிடம் சொன்னதும் நான்தான்.

போன வாரம் ஒரு சாயங்காலம், ஹேமநாதன் அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஒருவன் அவர் வீட்டுப் பின்வேலி ஏறிக் குதித்தான். பஞ்சாலை அக்கா பார்த்துக் கத்தினார். பையன்கள் உறுமியை அடித்தார்கள். அப்படி ஓர் அடியை நான் திருவிழாவில்கூடக் கேட்டதில்லை. கார் வந்தது, இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள், அதுவரை எல்லாம் நினைத்தபடியே நடந்தது. "நீதான படிச்சவ, நீ பேசு" என்று எல்லாரும் என்னை முன்னால் தள்ளினார்கள். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். தேர்வில் எழுதுவது போல மலாய் மொழியில் தொடங்கினேன். மாலை வணக்கம் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன், தாமான் மக்கள் சார்பில் அவர்களுடைய சேவைக்கு நன்றி சொன்னேன், தொந்தரவுக்கு வருத்தம் தெரிவித்தேன். திருட்டு என்ற சொல்லுக்கு வருவதற்குள் மூத்தவர் "பெர்மிட் எங்கே?" என்று கேட்டுவிட்டார். இளையவர் உறுமியைத் தூக்கினார். காரின் பின்புறம் முழுக்க ரோட்பிளாக் கூம்புகள். பயத்தில் நாங்களே அவற்றை இறக்கி இடம் பண்ணிக் கொடுத்தோம். அப்போது அண்ணன் வீட்டு முன்கேட்டைத் திறந்துகொண்டு, கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி அந்த ஆள் நடந்து வந்தான். மூத்தவர் அவனைப் பார்த்தார். பாரம் சுமந்து வருகிறவன் அல்லவா, "தெப்பி, தெப்பி" என்று எங்களை ஒதுங்கச் சொல்லி அவனுக்கு வழிவிட்டார். அவன் "தெரிமா காசே" என்று நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான்.

"ஐயோ, அவன்தான்லா திருடன்!" என்று பஞ்சாலை அக்கா தமிழில் அலறினார். சத்தம் போடக்கூடாது என்று அவருக்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது.

அந்த ஒரு சொல்லை நான் முதலில் சொல்லியிருக்கலாம், மாமா. வணக்கத்தை அப்புறம் சொல்லியிருக்கலாம். "ஒனக்குப் பட்டம் குடுத்தவனப் பிடிச்சி மொதல்ல சம்மன் போடணும்க்கா" என்றான் வசந்தன். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. இப்போது பிஸ்கட் டின்னில் அடித்துப் பழகுகிறான். அப்பா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வெளியே போய்விடுகிறார்.

பெர்மிட்டுக்குக் கோயில் தலைவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இங்குள்ள நிலையத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உறுமியைக் கொடுத்துவிடுவார்களாம். தயவுசெய்து சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு. உறுமி பிடிக்கத் தேவையில்லாத அளவுக்கு உங்களுக்குப் பெரிய பதவியை அம்மன் தரட்டும்.

பணிவுடன்,
லோகேஸ்வரி

பின்குறிப்பு: மேலே எழுதக் கூச்சமாக இருந்தது. உறுமியை எடுத்துப்போன நாளிலிருந்து, நாங்கள் வேறொன்று வாங்கி அடிக்கிறோமா என்று பார்க்க ரோந்துக் கார் தினமும் பொழுது சாயும்போது தாமானைச் சுற்றி வருகிறது. திருட்டு நின்றுவிட்டது. நேற்று அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, குடையை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, அந்தக் காரின் வெளிச்சத்தில் மெதுவாக நடந்து வந்தார். பெர்மிட்டோடு உறுமி திரும்பிவிட்டால் அந்தக் காருக்கு இங்கே என்ன வேலை? அதனால், வசந்தனுக்குத் தெரிய வேண்டாம் மாமா, அப்பாவின் காவடி இறங்கிய மறுநாளே உறுமியை மறுபடியும் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்ல முடியுமா?