மாப்பிள்ளைக்கு எடுத்த ரீல்

பெருங்குடி,
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்.

சங்கரன்கோவில் தாய்மாமா திரு. முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு மருமகன் அறிவு வணங்கி எழுதுவது. இங்கே எனக்கு உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. அங்கே உங்களுக்கு இரண்டும் சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் கொளுத்திப் போட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்தவர் நீங்கள். அத்தைக்கு என் வணக்கம். போனில் பேசாமல் எதற்குக் கூரியரில் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்கப் போன அன்று மந்தைவெளி வீட்டில் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? பெண்ணின் அப்பா கணேசமூர்த்தி சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். "தி.நகர்ல ஜவுளிக்கடை, ஞாயித்துக்கிழமையானா தூண்டிலும் கையுமா ஆத்தங்கரை, எனக்கு வேற பழக்கம் கெடையாது பாத்துக்கிடுங்க" என்றார். அதற்குத் தலையாட்டிவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்திருக்கலாம். நீங்களோ, "எங்க பய மட்டும் என்ன? தூத்துக்குடி கடல்ல இவன் தூண்டில் போட்டாம்னா மீனு வரிசையில நிக்கும்லா!" என்றீர்கள். மாமா, நான் தூத்துக்குடிக்குப் போனது மக்ரூன் வாங்க. எனக்கு நீச்சல் தெரியாது. துடிக்கிற எதையும் என்னால் தொட முடியாது. வறுத்துத் தட்டில் வைத்த வஞ்சிரத்தின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதே மீன் கண்ணைத் திறந்துகொண்டு வாயை மூடி மூடித் திறந்தால் எனக்கு முதுகு முழுக்க வேர்த்துவிடும். அன்றைக்கே மறுத்திருப்பேன், வாயைத் திறப்பதற்குள் சிந்து காபித் தட்டோடு வந்துவிட்டாள். அவளைப் பார்த்த பிறகு எதையும் மறுக்கிற நிலையில் நான் இல்லை.

விளைவு என்ன தெரியுமா? மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுப்பார்கள், மோதிரம் எடுப்பார்கள், இதெல்லாம் ஊரில் நடப்பதுதான். கணேசமூர்த்தி, "வாட்ச் எவன்தான் கட்டல? என் மாப்பிள்ளைக்கு நான் ரீல் எடுக்கேன்" என்றுவிட்டார். ரீல் என்றால் தூண்டில் கம்பில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றி நைலான் நரம்பை இழுக்கிற எந்திரம். எடுத்த கையோடு ஞாயிறு காலை இருவரும் போய் அதற்கு முதல் மீன் காட்ட வேண்டுமாம். நான் பயந்தேன், ஆனால் பயத்திலும் யோசித்தேன், மெக்கானிக்கல் படித்தவனில்லையா? சின்ன ரீலாக எடுத்தால் கரையோடு முடிந்துவிடும். அடையாறு முகத்துவாரத்தில் நின்று இரண்டு முறை வீசிவிட்டு, இன்றைக்கு மீனே இல்லை என்று வந்துவிடலாம். ஆபீசில் வால்வு டிசைனை ஓரமாகத் தள்ளிவிட்டு, எடை எவ்வளவு, கைப்பிடி நீளம் எவ்வளவு, ஒரு சுற்றுக்கு எத்தனை அடி நரம்பு வரும் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டு, கறுப்பு நிறத்தில், உள்ளங்கையில் அடங்குகிற, மணிக்கட்டு வலிக்காத ஒரு ரீலைக் கண்டுபிடித்தேன். கைப்பிடிக் குமிழ் மெத்தென்று இருக்கும். தூண்டில் சாமான் கடைக்குப் போன் செய்து எடுத்து வைக்கவும் சொல்லிவிட்டேன். கடை முதலாளி மெஹபூப் அலி, "நீ வா நைனா, ஒம் பேரு எய்தி வச்சிகீறேன்" என்றார்.

கணேசமூர்த்தி மட்டும் வருவார் என்று நான் நினைத்ததுதான் தப்பு. கூறைப்புடவை எடுக்கப் போகிற மாதிரி, நேற்று ராகுகாலம் முடிந்ததும், ஜவுளிக்கடை வேனில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கடை அது. மெஹபூப் அலி நான் சொன்ன ரீலை எடுத்து என் கையில் கொடுத்தார். கையில் வைத்திருப்பதே தெரியவில்லை, அவ்வளவு பாந்தம். என் வருங்கால மாமியார் சந்திரிகா அதை எட்டிப் பார்த்தார். "கறுப்பா? நல்ல காரியத்துக்குக் கறுப்பு எடுப்பாங்களா? வேற கலர் காட்டுங்க." மெஹபூப் அலி, "ரீலுன்னா கறுப்புதாம்மா வரும். மீனு இன்னா கலரா பாக்குது?" என்றார். "மீனு பாக்காது, சம்பந்தி வீட்டுல பாப்பாங்கல்லா?" கடையிலிருந்த நல்ல ரீல் எல்லாம் கறுப்பு. ஒன்றே ஒன்றுதான் தங்க நிறத்தில் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தது. அதை இறக்க மெஹபூப் அலிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தேங்காய் அளவு இருந்தது மாமா! "இது கை வலிக்கும், எடை ஜாஸ்தி" என்று கணக்கோடு சொல்லிப் பார்த்தேன். சிந்துவின் பெரியம்மா, "கல்யாணத்துக்கு எடுக்கும்போது சின்னதாவா எடுப்பாங்க?" என்று கேட்டதும் ஒன்பது பேரும் தலையாட்டினார்கள்.

அதோடு விட்டார்களா? தூண்டில் கம்பை வலது கையில் பிடித்து இடது கையால் சுற்றுவதுதான் எனக்கு வசதி, கைப்பிடியும் அப்படித்தான் மாட்டியிருந்தது. "இடது கையாலயா? மாப்பிள்ளை புதுச் சாமானை இடது கையாலயா தொடுவாரு?" என்று மாமியார் பதறிவிட்டார். மெஹபூப் அலி திருகாணியைக் கழற்றிக் கைப்பிடியை வலப்பக்கம் மாற்றினார். அதாவது, இனிமேல் என்னுடைய பலமில்லாத கை அந்தத் தேங்காயைத் தாங்க வேண்டும். பிறகு தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்தார்கள். "ஐயோ, பேரிங்குக்குள்ள போயிரும்!" என்று கத்தினேன். "மாப்பிள்ளைக்கு இப்பவே ரீல் மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று கணேசமூர்த்தி கண் கலங்கினார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பில் போடும்போது மெஹபூப் அலி சும்மா இல்லாமல், "இத்த வச்சிக்கினு கரையில நின்னியான்னா கைதான் கயண்டு வுழும். இது நடுக்கடலாண்ட, போட்டுல போறவங்களுக்கு" என்றார். கணேசமூர்த்தியின் முகம் சீரியல் பல்பு மாதிரி எரிந்தது. "அப்ப போட்டுலயே போயிருவோம் மாப்ள! இத்தன வருசமா ஆத்தங்கரையிலயே நின்னுட்டேன், தொணைக்கு ஆள் இல்ல. தூத்துக்குடி கடலப் பாத்த ஆளு, ஒங்களுக்கு மெரினா கடல் எம்மாத்திரம்?" அங்கேயே நின்று நொச்சிக்குப்பத்துக்குப் போன் போட்டு ஃபைபர் போட் பேசிவிட்டார். லைஃப் ஜாக்கெட் இருக்குமா என்று கேட்டேன். சிரித்தார். நான் ஜோக் அடித்தேனாம்.

வேன் ஏறும் முன் சிந்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வந்த மூணு வரனை அப்பா தட்டிக் கழிச்சிட்டாரு. ஒருத்தருக்கும் தூண்டில் போடத் தெரியாதாம். நீங்க வரும்போது நான் கும்பிட்டுக்கிட்டேதான் காபி ஆத்துனேன்." மாமா, இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போட்டில் ஏறினால் செத்தேன். ஏறாவிட்டால் அவர் தட்டிக் கழித்த நாலாவது வரன் ஆவேன். கண்ணை மூடினால் தங்க நிறத்தில் ஒரு மீன் வாயை மூடி மூடித் திறக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டு, ஞாயிறு குலதெய்வம் கோவிலுக்குப் படையல், பையன் கட்டாயம் ஊரில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களுக்கு இது புதுசில்லை. சாமி மன்னிக்கும், எனக்கும் அதற்கும் பழக்கம் உண்டு. நடுவில் பஜ்ஜி எதையும் சாப்பிடாதீர்கள், சாப்பிட்டால் கூடுதலாக ஏதாவது சொல்லிவிடுவீர்கள்.

ஆசீர்வாதத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன். முதலில் அந்தப் போன்.

இப்படிக்கு,
மக்ரூன் மட்டுமே வாங்கத் தெரிந்த,
அறிவு.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்ன போனைத் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். சாயங்காலம் கணேசமூர்த்தி கூப்பிட்டார். "மாப்ள, ஞாயித்துக்கிழமை வேண்டாம். நிச்சயம் பண்ணுன பையன் தாலி கட்டுற வரைக்கும் கடல்ல போகக் கூடாதுன்னு சந்திரிகா ஒரே பிடிவாதம்" என்றார். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேவிட்டேன், சந்தோஷத்தில். அவர் விடாமல் பேசினார். "வருத்தப்படாதீங்க. ஹனிமூனுக்குப் போட்ட கொடைக்கானல் ரூமைக் கேன்சல் பண்ணிட்டேன். கல்யாணம் ஆன மறுநாளே ராமேஸ்வரம், ஒரு வாரத்துக்கு போட் பேசியாச்சு. நானும் வாரேன். நீங்க மீன் பிடிக்கத பக்கத்துல ஒக்காந்து பாக்கணும்னு சிந்துவுக்கு ஒரே ஆசை." ஆகவே மாமா, உடனே மாமியாருக்குப் போன் போட்டு, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு தடவையாவது கடலில் போய் வர வேண்டும், எங்கள் பக்கம் அதுதான் வழக்கம் என்று அடித்துச் சொல்லுங்கள். ஞாயிறு விடிகாலை நான் நொச்சிக்குப்பத்தில் நிற்பேன். மாமனார் முன்னால் ஒரு காலைப் பொழுது அலறிவிட்டுப் போகிறேன், அதைப் பார்த்தால் ராமேஸ்வரத்தை அவரே கேன்சல் செய்துவிடுவார். சிந்து பார்க்க ஒரு வாரம் என்னால் அலற முடியாது.