ஆறு டிகிரிக் காற்றும் அருமை மருமகளும்

வலங்கைமான்

மரியாதைக்குரிய சம்பந்தி அல்லா பிச்சை அவர்களுக்கு, ஜெக்கரியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மனிதர்கள் அனைவரும் நலம். நெல்லுக்குத்தான் நலமில்லாமல் இருந்தது. உங்கள் மகள் ஹுமைராவின் புண்ணியத்தில் இப்போது அதுவும் தேறிவிட்டது.

குறுவை அறுவடையும் மழையும் கைகோத்துக்கொண்டு வந்தது உங்களுக்குத் தெரியும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்களே என்று, நம் ரைஸ்மில்லுக்கு நெல் காயவைக்கும் டிரையர் ஒன்று வாங்கினேன். பெரிய காற்றாடி, அதன் முன்னால் ஹீட்டர், அதற்கும் முன்னால் நெல். விற்ற இனியவன் என்பவர், "ஸ்விட்சைப் போட்டுட்டுத் தூங்குங்க சார்" என்றார். ஊரையே கூப்பிட்டு, எல்லோருடைய நெல்லையும் என் நெல்லையும் சேர்த்துக் கொட்டி, ஸ்விட்சைப் போட்டேன். பொழுது சாய்ந்தும் நெல் அப்படியே ஈரமாக இருந்தது. சூடு வருகிறதா என்று காற்று வரும் குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தேன். தொப்பி பறந்து நெல்லுக்குள் புதைந்ததுதான் மிச்சம். எதிர்வீட்டு நாகம்மாள் தன் நெல்லைக் கையில் அள்ளி, "முளை விட ஆரம்பிச்சிருச்சு பாய், இத வித்துத்தான் அடுத்த நடவே" என்று கண்கலங்கினாள்.

அப்போதுதான் ஹுமைரா வந்தாள். காற்றாடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தாள், ஹீட்டரைப் படித்தாள், ஒரு நிமிடம் விரல் விட்டு எண்ணினாள்.

"மாமா, ஒரு கிலோ காத்தை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோஜூல் வேணும். காத்தாடி நொடிக்கு ஒரு கிலோ காத்து தள்ளுது. ஹீட்டர் நொடிக்கு ஆறு கிலோஜூல்தான் குடுக்குது. ஆறு டிகிரிக்கு மேல எப்படி ஏறும்? மழைக்காத்துல நெல்லு காய அது பத்தாது."

"காத்தை எவன்மா தராசுல போட்டான்?" என்றேன். அறுபது வருடமாக எடை பார்க்காமலே சுவாசித்தவனல்லவா நான்! உடனே இனியவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து ஹுமைராவிடம் நீட்டினேன். அவரும் என் கட்சிதான்.

"காத்துக்கு என்ன மேடம் வெயிட்டு?"

"நொடிக்கு ஒரு கிலோன்னு தகட்டுல அடிச்சிருக்கறது நீங்கதானே அண்ணே?"

"இப்படியெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.

ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு சூடு வேண்டும் என்ற அந்தக் கணக்குக்குப் பெயர் தன்வெப்ப ஏற்புத்திறனாம். பெயரைச் சொல்லவே எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. ஆனால் உங்கள் மகள் செய்த வைத்தியம் ரொம்ப எளிது. காற்று நுழையும் வாயைப் பலகை வைத்துப் பாதி மூடினாள். "காத்து பாதியானா சூடு ரெண்டு மடங்கு ஏறும் மாமா. ஆனா ஒரு தடவைக்குக் கொஞ்ச நெல்லுதான் காயும். முளை விடற நெல்லு முதல்ல." அப்படியே நாகம்மாள் நெல் முதலில் போனது. மில்லுக்கு முதலாளியான என் நெல் கடைசி. வாயைத் திறந்தேன்; நாகம்மாள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

நாகம்மாள் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். நேற்று என் நெல்லும் போயிற்று. இப்போது மில்லுக்கு வருகிறவர்கள், "முதலாளி இருக்காங்களா?" என்று என்னிடமே கேட்கிறார்கள், ஹுமைராவைத்தான் கேட்கிறார்களாம். சம்பந்தி, இப்படி ஒரு பிள்ளையை வளர்த்துக் கொடுத்ததற்கு உங்களுக்கு என்ன செய்தாலும் தகும். தயவுசெய்து இந்த மழை முடியும்வரை அவளை அங்கே அழைத்துக்கொள்ளாதீர்கள். அவள் இல்லாமலும் இங்கே எல்லாம் நடக்கும்தான்; நானும் முழுக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நிம்மதிக்காகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் சலாமும் துஆவும்.

இப்படிக்கு,
ஜெக்கரியா

பி.கு.: ஹுமைரா காலை பஸ்ஸிலேயே முத்துப்பேட்டைக்கு, உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்று மகன் சித்தீக் இப்போதுதான் சொல்கிறான். வாசலில் நாலு டிராக்டர் ஈர நெல் நிற்கிறது. பலகையை உள்பக்கம் வைப்பதா வெளிப்பக்கமா என்று உடனே போன் செய்யச் சொல்லுங்கள். நானே வைக்கப் போனதில், காற்றாடி என் வேட்டியையும் இழுத்துக்கொண்டது.