சோப்பு டப்பாவில் அடங்கிய நெருப்பு

முப்பத்தோரு வயதுவரை நான் என் கையால் ஓர் அடுப்பைக்கூடப் பற்றவைத்ததில்லை. எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு, குமிழைத் திருகினால் தானே பற்றிக்கொள்ளும் ரகம். (அந்தக் குமிழையும் உம்மாதான் திருகுவாள்.) இப்படிப்பட்டவன் நெருப்பு விஷயத்தில் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்க வேண்டும். நானோ மூன்றே வாரத்தில் காட்டிலும் மேட்டிலும் பனிமலையிலும் தீ மூட்டுவதில் நிபுணன் ஆகிவிட்டேன். எல்லாம் செல்போன் வீடியோவில், கட்டிலில் படுத்துக்கொண்டே ஆனது.

விஷயம் இதுதான். கல்யாணம் முடிந்து எட்டு மாதம். மேலப்பாளையத்தில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, கம்பெனி பெங்களூருக்கு வரச்சொன்னது. மனைவி வஹிதா அன்றைக்கே தயார். ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள். தடை என் மாமனார்தான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். "பாப்போம்" என்றார். அந்த வீட்டில் அவர் "பாப்போம்" என்று சொன்ன எதையும் அதன்பிறகு யாரும் பார்த்ததில்லை.

உண்மையான காரணத்தை மாமியிடமிருந்து வஹிதா கறந்துகொண்டு வந்தாள். "தெரியாத ஊர்ல ஒரு அவசரம்னா இவரு என்ன செய்வாரு? ஒரு பல்பு மாட்டுததுக்கே ஆளு கூப்பிடுதாரே" என்றாராம். (அது உண்மைதான். ஆனால் பல்பு ரொம்ப உயரத்தில் இருந்தது.)

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பீடி ஏஜெண்ட். இலையையும் தூளையும் வீடுவீடாகக் கொடுத்து, பெண்கள் சுற்றித் தரும் பீடியை வாங்கி கம்பெனியில் ஒப்படைக்கிற தொழில். அவர் வீட்டில் தலையணை உறையிலும் புகையிலை மணக்கும். ஆனால், "நாப்பது வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன், ஒரு இழுப்பு இழுத்தது கிடையாது" என்பதை அவர் எந்தப் புதிய மனிதரிடமும் சலாம் சொன்ன கையோடு சொல்லிவிடுவார். பெண் பார்க்கப் போன அன்று என்னிடமும் இரண்டு முறை சொன்னார். அவர் மட்டுமல்ல, அந்த வீட்டில் யாருமே புகைப்பதில்லை. அத்தனை பேரும் சுற்றுவதோடு சரி.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவைகுண்டம் பக்கம் மாமாவின் கூட்டாளி ஒருவருடைய வாழைத்தோப்புக்குக் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. ஆற்றங்கரைத் தோப்பு. மாமா தன் கையாலேயே நெய்ச்சோறும் கறியும் ஆக்குவார். பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து பதினைந்து பேர்.

"வாப்பா முன்னால ஏதாவது ஒரு வேலைய உருப்படியாச் செஞ்சு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். நம்ம பெங்களூரு போயிரலாம்" என்றாள் வஹிதா. கெஞ்சினாள் என்றே சொல்லலாம். தண்ணீர் சுமக்கலாம், வெங்காயம் உரிக்கலாம். ஆனால் நான் நெருப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

வீடியோவில் வந்த வெள்ளைக்காரர் முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டு, சுண்டுவிரல் நீளக் கம்பி ஒன்றை ஒரே ஒரு தடவை உரசி நெருப்பு வரவழைத்தார். அந்தக் கம்பியை இணையத்தில் வரவழைத்தேன். காட்டுக்குப் போகிறவர்கள் தீ மூட்டும் சாமான் எல்லாவற்றையும் ஒரு சின்ன டப்பாவுக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது அவர் வாக்கு. எங்கள் வீட்டுச் சோப்பு டப்பாவைக் கழுவித் துடைத்தேன். கம்பி, அதை உரச ஒரு தகடு, பூதக்கண்ணாடி, குட்டி ரம்பம், திசைகாட்டி, காணாமல் போனால் ஊதுவதற்கு ஒரு விசில் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பஞ்சுதான் முக்கியம், அது ஈரத்திலும் எரியும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கடைசியில் பஞ்சுக்கு மட்டும் இடம் இல்லை. விசிலை எடுக்க மனம் வராததால் பஞ்சை எடுத்து வெளியே வைத்தேன். முழுசாகப் பார்த்தால் அந்த டப்பா ஒரு தீப்பெட்டியைப்போல நாலு மடங்கு இருந்தது. அதற்கு நான் 'காம்பாக்ட் கிட்' என்று பெயர் வைத்திருந்தேன்.

பஞ்சுக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கு ஒன்று கண்ணில் பட்டது. மாமி மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டும்போது ஓரத்துத் துண்டுகள் கீழே விழும். அதில் ஒரு பிடி அள்ளினேன். அடியில் கிடந்த புகையிலைத் தூளும் கூடவே வந்தது. அதையும் சேர்த்து டப்பாவின் மூலையில் அமுக்கினேன். இலையை நனைத்துப் பதமாக்கித்தான் வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. (எட்டு மாதமாக மாமி நனைப்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். கழுவுகிறார் என்று நினைத்தேன்.)

கிளம்புகிற காலையில் மாமி சாமான் கூடையில் ஒரு தீப்பெட்டியைப் போட்டார். நான் அதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"இது தேவைப்படாது மாமி" என்றேன்.

மாமி மாமாவைப் பார்த்தார். மாமா என் சோப்பு டப்பாவைப் பார்த்தார். "மாப்பிள சொல்லுதாருல்லா, வச்சிரு" என்றார். அந்த நிமிடத்தில் எனக்கு பெங்களூரு தெரிந்தது.

லோடு ஆட்டோ எங்களைத் தோப்பில் இறக்கிவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டது. மெயின் ரோடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். கல் கூட்டி, விறகு அடுக்கி, மேலே தேக்சாப் பானையை ஏற்றியாயிற்று. கறி கழுவியாயிற்று. மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றார். "மாப்பிள, பத்தவைங்க" என்றார். வஹிதாவின் அண்ணன் காஜா மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அவர் செல்போனில் படம்பிடிக்க ஆரம்பித்தார். பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள்.

உரசினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் உரசினேன். பதினைந்தாவது உரசலில்தான், புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும், அதை முதலில் சுரண்ட வேண்டும் என்று வெள்ளைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. வெங்காயம் வெட்டும் கத்தியால் சுரண்டினேன். அதன்பிறகு பொறி வந்தது. உண்மையிலேயே நல்ல பொறி. பிள்ளைகள் கைதட்டினார்கள். பொறி இலைத்துண்டின் மேல் விழுந்து 'சுர்' என்று அணைந்தது.

"ஈரமா இருக்கே" என்றார் மச்சான்.

"அஞ்சு நிமிஷம் மச்சான்."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். வானத்தில் வெயில் இல்லை. சுற்றிலும் காய்ந்த சருகு தேடினேன். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. வாழைத்தோப்பைப்போல எரியாத ஓர் இடம் நம் ஜில்லாவில் கிடையாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மரமே தண்ணீர்தான்.

அப்போதுதான் மச்சான் எல்லோரிடமும் தீப்பெட்டி கேட்டார். பதினைந்து பேரும் பையையும் முந்தானையையும் தடவினார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பீடி சுற்றுகிற குடும்பம். ஒருவரிடமும் நெருப்பு இல்லை.

"நான் ரோட்டுக்கு நடந்துபோய் வாங்கிட்டு வந்துருதேன்" என்றார் மச்சான்.

"வேண்டாம் மச்சான். அஞ்சே நிமிஷம்."

போகவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் தீப்பெட்டியோடு திரும்பி வந்தால் மாமா மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. அதனால் உரசிக்கொண்டே இருந்தேன். மாமி எங்கே போனாலும் கைவேலையைக் கூடவே கொண்டுபோவார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொளவை மடியில் எடுத்து வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார். நான் "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லச் சொல்ல அவர் பக்கத்தில் பீடிக்கட்டு ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகள் பசியில் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்துப் பார்த்து அழுதார்கள். வஹிதா என் பக்கம் திரும்பவே இல்லை.

லுஹர் தொழுகை நேரம் வந்தது. ஆற்றில் முகம் கைகால் கழுவி ஒளு எடுத்துத் தொழுதோம். துஆவில் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். தொழுது முடித்ததும் மச்சான், "ஆமீன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

துஆ கபூலாகிப் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குள் காற்றில் இலைத்துண்டு கொஞ்சம் உலர்ந்திருந்தது. திரும்பி வந்து உரசிய இரண்டாவது பொறியில் தூள் கனன்றது. நூல்போலப் புகை எழும்பியது.

"பத்திக்கிட்டு! மாமா, பத்திக்கிட்டு!" என்று கத்தினேன்.

மாமா ஓடிவந்தார். அறுபது வயது மனிதர், அவ்வளவு ஆசையாக ஓடிவந்ததை நான் பார்த்ததில்லை. "தள்ளுங்க மாப்பிள. பைய ஊதணும், அணைஞ்சிரப்படாது" என்று சொல்லிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தப் பிடித் தூளை இரண்டு கையாலும் பொத்தி, முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

ஊதுவதற்கு முன்னால் மூச்சை இழுக்க வேண்டும். இழுத்தார். நன்றாக, நெஞ்சு நிறைய இழுத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அவர் கண் இரண்டும் பெரிதாகின. அப்புறம் வந்த இருமல் தோப்புக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "யா அல்லாஹ்!" என்று மாமி சொளவைத் தள்ளிவிட்டுத் தண்ணீரோடு ஓடிவந்தார். மச்சான் முதுகைத் தடவினார். மாமா தலைசுற்றி வாழைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருட வைராக்கியம் என் சோப்பு டப்பாவால் போய்விட்டது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எனக்கு ஆற்றில் இறங்கி அப்படியே கடல்வரை மிதந்து போய்விடலாமா என்று இருந்தது.

மாமா வாயைத் துடைத்துக்கொண்டு முதல் வார்த்தை பேசினார்.

"தூளு நம்மளுதா?"

"ஆமா மாமா."

"காரம் கூடுதல்" என்றார்.

இதற்கிடையில் பொறியும் அணைந்துவிட்டது. நான் தலைகுனிந்து நின்றேன். அப்போது வாழைகளை விலக்கிக்கொண்டு, தார் வெட்டுகிற ஓர் ஆள் அரிவாளோடு வந்து நின்றார்.

"பீடி வாசம் வந்துது பாய். ஒரு பீடி கிடைக்குமா? காலைலேருந்து கையில ஒண்ணு இல்ல" என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "நெருப்பெல்லாம் வேண்டாம். தீப்பெட்டி என்கிட்ட கெடக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

மாமி ஒரு பீடிக்கட்டை முழுசாக எடுத்து நீட்டினார். அந்த ஆள் வேட்டி மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரே குச்சியில் முதலில் அடுப்பு, பிறகு பீடி. "இதுக்கா வே இத்தன பேரு சுத்தி நிக்கிய?" என்று மச்சானிடம் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றரை மணிக்குச் சோறு தயார். நாலு பேருக்கு ஒரு சஹன் தட்டு என்று வைத்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். நான் பிள்ளைகளோடு ஓரமாக உட்காரப் போனேன். "மாப்பிள, இங்கன வாங்க" என்று மாமா தன் சஹனுக்கே கூப்பிட்டார். அவர் கண் இன்னும் சிவந்திருந்தது. ஒரு நல்ல கறித்துண்டை என் பக்கமாகத் தள்ளிவைத்தார். நான் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தேன்.

"பெங்களூருல வீட்டுல என்ன அடுப்பு?" என்றார்.

"கரண்ட் அடுப்பு மாமா. சுவிட்ச் போட்டாப் போதும்."

"தீப்பெட்டி?"

"வேண்டாம் மாமா."

இரண்டு கவளம் சாப்பிட்டார். "அப்ப போயிட்டு வாங்க" என்றார்.

பெண்கள் பக்கத்தில் வஹிதா "வாப்பா!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெங்களூரு வந்து மூன்று வருடமாகிறது. ஊருக்கு ஏதாவது கல்யாணத்துக்குப் போனால் மாமாவுக்குப் பக்கத்தில்தான் எனக்கு நாற்காலி. யாராவது ஒரு பெரியவர் அவரைப் புதியவர்களிடம், "நாப்பது வருசமா பீடித் தொழிலு, ஒரு இழுப்பு இழுத்ததில்ல" என்று பெருமையாக அறிமுகப்படுத்துவார். மாமா உடனே கையை உயர்த்தித் தடுப்பார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஒரு தடவ இழுத்திருக்கேன்" என்பார். எல்லோரும் திகைத்துப் பார்ப்பார்கள். அவர் என் தோளில் கை வைப்பார். "மாப்பிளதான் பத்தவச்சுக் குடுத்தாரு."

நான் எழுந்து எல்லோருக்கும் சலாம் சொல்வேன்.