கவனம் அண்ணை வாங்கிய பாதிப் பிளேன்

உலகத்துப் பயந்தாங்கொள்ளிகளையெல்லாம் கூட்டிவந்து காலி வீதியில் வரிசையாக நிறுத்தினால், "இது பஸ் ஓடுற ரோட்டு, உள்ளுக்கு வாங்கோ" என்று அத்தனை பேரையும் ஒழுங்கைக்குள் கலைத்துவிட்டு, தானும் ஒரு மதிலோரம் ஒதுங்கி, அந்த மதில் விழுமா என்று தட்டிப் பார்க்கிற ஒரே ஆள் எங்கள் கவனம் அண்ணைதான்.

சொந்தப் பெயர் வேறு. கொள்ளுப்பிட்டியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த காப்புறுதிக் கந்தோரில் அந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. விபத்தில் நசுங்கிய வாகனங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவருடைய வேலை. முப்பது வருடம் நசுங்கியதையே பார்த்த மனுசனுக்கு, நசுங்காமல் நிற்கிற எதன்மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. ஒருவரையும் "கவனம்" என்று சொல்லாமல் அனுப்பமாட்டார். ஒருநாள் கோச்சியின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு நின்ற ஒருவனைப் பார்த்து இவர் போட்ட "கவனம்!" என்ற சத்தத்தில்தான் அவனுக்குக் கை நழுவியது. நல்லவேளை, கோச்சி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது.

மீன் சாப்பிடுவதற்கு அவருக்கு மூக்குக்கண்ணாடியோடு டோர்ச் லைட்டும் வேண்டும். லிப்டில் ஏறவே மாட்டார். வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் இருக்கும் என் வீட்டுக்குப் படியால் மூச்சிரைக்க ஏறிவந்து, தண்ணீர் கேட்பதற்கு முன்னால், "ஐசே, நாலாம் மாடியில கைபிடி ஆடுது" என்பார். வருடக்கணக்காக இதையே சொன்னார். நாங்கள் லிப்டில் போகிறவர்கள், எங்களுக்கென்ன? ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் தாயிடம் போய், மேலே தொங்கிய சரவிளக்கைக் காட்டி, "அம்மா, அது விழுந்தால் நேர உங்கட தலையிலதான்" என்று சொல்லி எழுப்பினார். அந்தக் கலியாணப் படங்களில் இன்றைக்கும் நடுவில் நாலு வரிசை வெறுமையாக இருக்கிறது. அவர் கலியாணம் கட்டவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணங்களை இங்கே எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

இப்பேர்ப்பட்ட ஆள் ஒரு பிளேன் வாங்கினார். முழுப் பிளேன் என்றாலும் பரவாயில்லை. பாதிப் பிளேன். அதுவும் மரத்தில் செய்தது.

எங்கள் ஒழுங்கையில் என்ஜினியர் அக்கா என்று ஒருவர் இருந்தார். அவருடைய கணவர்தான் என்ஜினியர். ஓய்வு பெற்றபின், வெளிநாட்டிலிருந்து வரைபடமும் பலகையும் வரவழைத்து, இரண்டு பேர் இருந்து பறக்கக்கூடிய சின்ன மரப் பிளேன் ஒன்றைக் கராஜுக்குள் செய்துகொண்டிருந்தார். பாதியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா வீட்டை விற்றுவிட்டுக் கொட்டாஞ்சேனையில் தங்கையோடு இருக்கப் போவதாகச் சொல்லிச் சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு அலுமாரி பார்க்கப் போனேன். கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கக் கவனம் அண்ணையையும் கூட்டிப் போனேன். அதுதான் நான் விட்ட பிழை.

கராஜுக்குள் பிளேன் கிடந்தது. மீனைத் தின்று முடித்தபிறகு கோப்பையில் கிடக்கிற முள் மாதிரி, வெறும் மரச்சட்டம். பக்கத்தில் அதை வாங்கக் கல்கிசையிலிருந்து வந்த ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். நல்ல உடற்பயிற்சி செய்த உடம்பு.

"வேலை முழுக்க முடிஞ்ச மாதிரித்தான் அக்கா. துணி சுத்திப் பெயின்ற் அடிச்சால் சரி. மூண்டு மாசத்தில நான் மேல!"

கவனம் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. அலுமாரியை மறந்துவிட்டார்.

"தங்கச்சி, இதை நான் எடுக்கிறன்," என்றார் அக்காவிடம்.

"அண்ணை, உமக்கென்ன விசரே?" என்று கேட்டுவிட்டேன். மூத்தவரை அப்படிக் கேட்கக்கூடாதுதான். ஆனால் லிப்டுக்குப் பயந்தவர் பிளேன் வாங்கினால் வேறு என்னத்தைக் கேட்பது?

திரும்பி வரும்போதுதான் காரணம் சொன்னார். "ஐசே, மரப் பிளேன் எண்டால் முழுக்க ஒட்டு. மற்றவன் ஒட்டினது மற்றவன்ர மனச்சாட்சி. உள்ளுக்கு எப்பிடி ஒட்டினவர் எண்டு ஆருக்குத் தெரியும்? உவன் கல்கிசைக்காரன் ஒண்டையும் பாக்காமல் ஏறிப் பறந்திடுவானப்பா!"

"சரி, வாங்கியாச்சு. இனி விறகுக்குக் கொத்துங்கோ."

"சீ! அந்த மனுசன் ஆசையாச் செய்தது. நான் முடிப்பன். முடிச்சு நானும் ஏறுவன். செய்தவன் ஏறாத பிளேனில இன்னொருத்தனை ஏத்தேலாது."

அவர் சொன்னால் செய்கிற ஆள். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி, "முதல்ல லிப்டில ஏறட்டும்" என்று சிரித்தாள். பிறகு இரவுச் சாப்பாட்டின்போது திடீரென்று, "எப்பிடியாவது மறியுங்கோப்பா, தனிமனுசன்" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பிளேன் அவர் வீட்டு ஹோலுக்குள் வந்தது. தலை வாசலில், வால் குசினியில். சோறு போட்டுக்கொள்ள அவர் வாலுக்குக் கீழே குனிந்து போக வேண்டும். என்ஜினியர் ஒழுங்கான ஆள். ஒவ்வொரு நாளும் எந்தப் பொருத்தை ஒட்டினேன் என்று கொப்பியில் எழுதியிருந்தார். அன்றன்று கலக்கிய பசையில் மாதிரிக்கு இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி, இலக்கம் போட்டு வைத்திருந்தார். அந்தத் துண்டுகளைக் கவனம் அண்ணை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தார். ஒட்டு விடாமல் மரம் கிழிந்தால் பசை நல்லது. எல்லாவற்றிலும் மரம்தான் கிழிந்தது.

"பாத்தீங்களே, எல்லாம் சரிதானே?" என்றேன்.

"மாதிரித்துண்டு சரி. மாதிரித்துண்டிலயோ ஐசே நான் ஏறப்போறன்?"

அதன்பின் ஒன்றரை வருடம் தட்டினார். நடுவிரலை மடக்கி, ஒவ்வொரு பொருத்தாக, காதை மரத்தில் வைத்துத் தட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழும்பி எழும்பி வந்து பார்த்துக் கடைசியில் கதவைத் திறந்தே வைத்துவிட்டார். ஒழுங்கையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள், இவர் தட்டித் தட்டியே காலத்தைக் கடத்திவிட்டால் நல்லது என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் போன் வந்தது. "ஐசே, உடன வாரும். ஓடாதையும், நடந்து வாரும்."

ஓடித்தான் போனேன். இறக்கையின் முழுப் பாரத்தையும் தாங்குகிற நடுவிட்டத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். என் தலையைப் பிடித்து மரத்தில் வைத்துவிட்டுத் தட்டினார். டிக். டிக். டிக். டொப்.

அந்த இடத்தில் ஒட்டு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

உளியால் மெதுமெதுவாகத் திறந்தார். விட்டத்தில் இரண்டு பலகைகள் சேருகிற இடம். நடுவில், பசையில் ஊறிச் சப்பையான ஒரு மஞ்சள் துணி. துணிக்குள் ஒரு ரூபாய்க் காசுக் குற்றி. அதனால் பலகையோடு பலகை முட்டவேயில்லை. உளி பட்டதும் அந்த ஒட்டுப் பிஸ்கட் மாதிரிக் கழன்று வந்தது.

"இதோட மேல போயிருந்தால்?" என்றேன்.

அவர் இறக்கை மாதிரி விரித்த கையை மெல்ல மடக்கிக் காட்டினார். என்ஜினியர் உயிரோடு இருந்து இதை முடித்திருந்தால், முதல் பலத்த காற்றோடு அவர் கதை முடிந்திருக்கும். அந்தக் கல்கிசைக்காரன் கதையும் அப்படித்தான்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் எனக்குக் கோபம். "ஆர் இந்த விசர் வேலை பாத்ததெண்டு கேக்கத்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

என்ஜினியர் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். மேசையில் மஞ்சள் துணியைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, இது நான் வச்சதெல்லே! வீட்டுக்குக் கதவுநிலை வைக்கேக்க காசு முடிஞ்சு உள்ளுக்கு வைக்கிறதெல்லே, அப்பிடித்தான். அண்டைக்கு நல்ல நேரம். அவர் பசையைப் பூசிப்போட்டு, பலகையை இறுக்கிற கிளாம்ப் எடுக்கப் போனவர். அந்த இடைக்குள்ள நான் வச்சிட்டன். அவருக்கே தெரியாது. மேல போற மனுசன் பத்திரமாக் கீழ வரவேணுமே எண்டு எனக்கு ஒவ்வொரு நாளும் பயம், அண்ணை." பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். "ஏன், அது ஏதும் கூடாதோ?"

நான் கவனம் அண்ணையைப் பார்த்தேன். சரவிளக்கு விழும் என்று சம்பந்தியம்மாவை எழுப்பிய மனுசன். நின்ற கோச்சியில் கூட ஆளை எச்சரித்த மனுசன். ஒரு ஆபத்தைக் கண்டுவிட்டுச் சொல்லாமல் இருந்தது அவர் சரித்திரத்திலேயே இல்லை. இப்போது சொல்லப் போகிறார், அக்கா இனி ஒரு நாளும் நித்திரை கொள்ளமாட்டார்.

கவனம் அண்ணை தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"கூடாதே? ஒண்டுமில்லைத் தங்கச்சி. துணி கொஞ்சம் உக்கிப்போச்சு. புதுத் துணியில முடிஞ்சு தாங்கோ, திருப்பி வைக்கவேணும்."

அக்கா சாமியறைக்குள் போய் மஞ்சள் பூசிய புதுத்துணியில் முடிந்து கொண்டுவந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கவனம் அண்ணை அந்த முடிச்சைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வசனம்தான் கதைத்தார்: "ஆருக்கும் சொல்லாதையும்." நான் சொல்லவில்லை. அக்கா போன வருடம் காலமாகிவிட்டார். அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

புது விட்டம் செய்ய, துணி போர்த்த, அனுமதி எடுக்க இன்னும் இரண்டு வருடம் போனது. ஓய்வுபெற்ற பைலட் ஒருவர் இரத்மலானையில் பல தடவை தனியே பறந்து பார்த்துச் சரி என்றார். பிறகு அந்த நாள் வந்தது. அக்கா மூன்று எலுமிச்சம்பழத்தோடு வந்து சில்லுகளுக்குக் கீழே வைத்தார். கவனம் அண்ணை முகம் வெளிறி, பிளேனை ஒருதரம் முழுக்கத் தட்டிவிட்டு, சட்டைப் பையையும் ஒருதரம் தட்டிவிட்டு, பைலட்டோடு ஏறினார்.

பழங்கள் நசுங்கின. பிளேன் ஓடியது, எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "தம்பி, என்ர காசு உள்ளுக்குத்தானே இருக்கு?"

"ஓம் அக்கா. உள்ளுக்குத்தான் இருக்கு," என்றேன்.

பதினொரு நிமிடம் பறந்தார்கள். இறங்கியவர் தள்ளாடித் தள்ளாடி நேரே அக்காவிடம் வந்து, "தங்கச்சி, உங்கட காசு இருந்தபடியால்தான் நான் பயப்பிடேல்லை" என்றார். பல் கிடுகிடுவென்று அடித்தது.

அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். லிப்ட் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் ஆறு மாடியும் படியால் ஏறி வந்து, கதிரையில் விழுந்து, "ஐசே, நாலாம் மாடியில கைபிடி இன்னும் ஆடுது" என்றார்.

அடுத்த நாள் காலையிலேயே ஒரு ஆளைப் பிடித்து அதை இறுக்கினேன். பக்கத்தில் நின்று, நடுவிரலை மடக்கி, நானே தட்டிப் பார்த்தேன். மனுசன் இன்னும் கனகாலம் ஏறி வரவேண்டுமே.