பெண் பார்க்கப் போன பொன்னிறக் கண்கள்

எனக்குக் கோபமே வராது என்று வெளியில் சொல்லித் திரிகிறேன். பொய். ‘இருபத்தொரு நாளில் கருவிழி பொன்னிறமாகும்’ என்று வீடியோ போட்டானே ஒருத்தன், அவன் கையில் கிடைத்தால் கிரிவலப் பாதை முழுக்க உச்சி வெயிலில் வெறுங்காலோடு ஓடவிடுவேன். (பின்னாலேயே நானும் ஓட வேண்டும். நம்பியவன் நான்தானே.)

அப்போது செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை. சாவி கேட்டு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் நீலக் கண், பச்சைக் கண். எனக்கு மட்டும் அடுப்புக்கரி. பெண் பார்க்கப் போவதற்குள் மாற்றிவிடுவது என்று அடி அண்ணாமலையில் ஒரு பாட்டில் தேன் வாங்கினேன். தினமும் இரண்டு வேளை, கண்ணுக்கு ஒரு சொட்டு. எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அந்தப் படுபாவி சொல்லியிருந்தான். மொட்டைமாடி வெயிலில் செல்ஃபி எடுத்தால் கண் பழுப்பாகத் தெரிந்தது. ஆஹா, மாறுகிறது! (ரூமுக்குள் எடுத்தால் கறுப்பு. அந்தப் படங்களை அழித்துவிடுவேன்.)

பத்தொன்பதாம் நாள், வேங்கிக்காலில் பெண் பார்க்கப் போக வேண்டும். காலையில் கண்ணே திறக்கவில்லை. இமை இரண்டும் பணியாரமாய் உப்பி, பீளை கட்டி ஒட்டியிருந்தது. தலையணையில் எறும்பு வரிசை.

“கூலிங்கிளாஸ் போட்டுக்கினு வாடா. தள்ளிப்போட்டா அவங்க வேற எடம் பாத்துடுவாங்க” என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

காபி வந்தது. கொண்டுவந்தது யாரென்று தெரியவில்லை. மாம்பழ நிறத்தில் ஒரு புடவை அசைந்தது. தம்ளருக்குக் கை நீட்டி, பெண்ணின் அப்பா மடியில் கவிழ்த்தேன்.

“கண்ணாடியக் கழட்டுங்க” என்றது புடவை.

பெண் கௌரிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். நான் செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்திருக்கிறேன்.

“மெட்ராஸ் ஐங்க” என்றேன். நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம். அவள் மட்டும் கிட்டே வந்து இமையைப் பிரித்தாள்.

“பொய் சொல்லாதீங்க. என்னா ஊத்தனீங்க?”

“தேன்... கலர் மாறும்னு...”

“கண்ணா அது, பஞ்சாமிர்த டப்பாவா? உள்ள நிறச்சத்து ஜாஸ்தி இருந்தா கறுப்பு, கம்மியா இருந்தா நீலம். வெளிய ஊத்தறது அங்க போவாது. பச்சக் கொழந்தைக்குத்தான் கொஞ்ச மாசம் மாறும். உங்க வயசுல தானா மாறுச்சுன்னா அது அழகில்ல, வியாதி! வெயில்ல பாத்தா எருமக்கண்ணுகூடப் பழுப்பாத்தான் தெரியும். பார்வை போயிருந்தா?”

திட்டிக்கொண்டே சமையலறைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கண்ணைக் கழுவினாள். அவள் அப்பா ஈர வேட்டியோடு கத்தினார்: “பொண்ணு பாக்க வந்தவனுக்குக் கண்ணே தெரியல! இவனுக்கு எப்பிடிமா குடுக்கறது?”

சம்பந்தம் போய்விடும் என்ற பதற்றத்தில், மூடிய கண்ணோடு குழாயைப் பார்த்துக் கத்தினேன்: “எனக்குப் பொண்ணு புடிச்சிருக்குங்க!”

கண் தெளியப் பத்து நாளானது. அவள் ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம். சொட்டு மருந்தோடு தினமும் திட்டு. கடைசியில் அவளே அப்பாவிடம் பேசினாளாம்: “விட்டா அடுத்து மூக்குல எதையாவது ஊத்திக்குவாருப்பா.”

இன்றும் எந்த விசேஷத்திலும் மாமனார் என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: “மாப்ள. பொண்ணப் பாக்காமலே புடிச்சிருக்குன்னவரு.” சண்டை வந்தால் கௌரியும், “பாத்துட்டுக் கட்டியிருக்க வேண்டியதுதானே!” என்கிறாள்.

பார்க்கவில்லைதான். ஆனால் அந்தத் திட்டு முழுவதையும் காதால் கேட்ட பிறகும் பிடித்திருக்கிறது என்றேனே! காதில் என்ன ஊற்றி வைத்திருந்தேன்?